கோபப்பட மறுத்த கோபக்கார அப்பா

போடிநாயக்கனூரில் ‘படியேறாதே’ அண்ணன் அளவுக்குப் பிள்ளைகளை வீட்டை விட்டு விரட்டியவர் யாருமில்லை. அவருக்குப் பிள்ளை கிடையாது.

ஏலக்காய்க் கடையில் மூட்டை தைப்பவர். எங்கள் மலைப் பக்கம் படம் எடுக்க யார் வந்தாலும் அவருடைய பெரிய மீசைக்காக அவரை நடிக்கக் கூட்டிப் போவார்கள். எல்லாப் படத்திலும் கோபக்கார அப்பா. எல்லாப் படத்திலும் ஒரே வசனம்: “இனி இந்த வீட்டுப் படி ஏறாதே.” பெயரே அதுவாகிவிட்டது.

ஊரும் அவரைச் சும்மா விடவில்லை. பேச்சைக் கேட்காத பிள்ளைகளை அதட்ட வீட்டுக்கு வீடு அழைத்தார்கள். பக்கத்து ராசிங்காபுரத்தில் தோட்டத்தைப் பார்க்காமல் கேமராவோடு திரிந்த ஒருவருடைய மகனை விரட்டப் போனவர், வாசலில் படியே இல்லை என்று வசனம் பேச மறுத்துவிட்டார். அப்பாவும் மகனும் சேர்ந்து கல் தூக்கி வந்து படி கட்டினார்கள். கட்டி முடித்தபோது இருவருக்கும் சண்டை மறந்துபோயிருந்தது.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். போடிமெட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மகளுக்குப் பத்து மாதம். குழந்தையை விட்டுவிட்டு நான் தினமும் ஜீப்பில் மலை ஏறுவதில் மாமனாருக்குச் சம்மதமில்லை. ஆனால் மருமகளிடம் நேராகப் பேசுவது அவர் வழக்கமில்லை. சோறு வேண்டுமென்றால்கூடத் தொட்டிலைப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் அண்ணனைக் கூட்டி வந்தார். எனக்கோ இரண்டு மனம். வேலைக்குப் போக ஆசை என்று கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“என்னண்ணே?” என்றார் மாமனார்.

“எதிர்ல டயலாக்கு வரணும்ல தம்பி? அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு தெரியாம நான் எதுக்குக் கோவப்படுறது?”

என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

“நான் வேலைக்கு...” என்றேன்.

“சத்தம் பத்தல. ஒன் மோர்.”

“வேலைக்குப் போகலாம்னு...”

“போகலாமா, போகணுமா? தெளிவாச் சொல்லு ஆத்தா. ஒன் மோர்.”

“நான் வேலைக்குப் போகணும்.”

தெருவுக்கே கேட்டிருக்கும். மகள் விழித்துக்கொண்டாள்.

அண்ணன் மாமனார் பக்கம் திரும்பினார். “நல்லாத்தானப்பா சொல்லுது. இதுக்கு எப்படிக் கோவப்படுறது?”

மாமனார் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“சாயங்காலம் எத்தன மணிக்கு வருவ, தாயி?”

இன்றும் ஜீப்பில் ஏறும்போது செய்வது சரிதானா என்று ஒரு கணம் யோசிக்கிறேன். கடை திறக்குமுன் அண்ணன் ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்து டிரைவரிடம், “கைப்புள்ளக்காரி வருது, வளைவுல மெதுவாப் போப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார். நான் கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பேன். அவர் வரத் தாமதமானால், பையில் எதையோ தேடுவதுபோல் ஜீப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.