ஆறு ஒன்று நான்கில் முடியும் எண்

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வீட்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கால் வைக்கக் கூடாது.

நானாக ஒரு முடிவு எடுப்பது என் வாழ்க்கையில் அது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் என் மனைவி திருத்திவிட்டாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். பஸ் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக முப்பத்து நான்கு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தேன். ஒரு நட்டு குறைந்ததில்லை. ஆட்களோடு பேச எனக்கு வராது. போல்ட்டு யாரையும் நலம் விசாரிக்காது, பதிலும் எதிர்பார்க்காது. அதனாலேயே அந்த வேலை பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் வீட்டை எண்ண ஆரம்பித்தேன். மாடிப்படி பதினாறு. ஜன்னல் கம்பி இருபத்தெட்டு. எங்களைப் பார்க்க வருகிறவர்கள், ஒருவர்.

அந்த ஒருவர்தான் ஏஜென்ட். மகன் வெளியூரில் இருக்கிறான். வாரம் ஒரு தடவை போன் செய்வான். அந்தப் போனும் என் மனைவிக்குத்தான் வரும். “அப்பா நல்லா இருக்காரா?” என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வான். நானும் பக்கத்து நாற்காலியிலிருந்து நான் நன்றாக இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஏஜென்ட் இருபத்து நான்கு வருஷமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு வருவார். மொத்தம் இருநூற்று எண்பத்து மூன்று தடவை. மழையால் வராதது ஐந்து. வந்ததும் ஜன்னலோரம் இருக்கும் என் நாற்காலியில் உட்காருவார். கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைச் சாகடிக்க ஆரம்பிப்பார்.

“அண்ணே, நாளைக்கே ரோட்டுல போறீங்க, ஒரு லாரி வருதுன்னு வெச்சுக்குங்க. அண்ணி நிலைமை என்ன? யோசிச்சீங்களா?”

லாரியில் அடிபட்டு நாற்பத்தொரு தடவை. மாரடைப்பில் முப்பத்தெட்டு. படியில் வழுக்கி இருபத்திரண்டு. மின்சாரம் தாக்கிப் பதினான்கு. மேல்மாடிப் பூந்தொட்டி தலையில் விழுந்து ஒன்று. ஆக நூற்றுப் பதினாறு முறை செத்திருக்கிறேன். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் என் மனைவி அவருக்கு இரண்டாவது டீ கொடுப்பாள்.

கடைசி மூன்று வருஷமாக அவர் என்னை ஒரு தடவைகூடக் கொல்லவில்லை. வயதாகிவிட்டது, இனி தானாகவே நடந்துவிடும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது என நினைத்தேன். குடையை மாட்டிவிட்டு உட்காருவார். அவளோடு ஊர்க்கதை பேசுவார். அவள் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒன்பது தடவை சிரித்தாள். என்னிடம் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கில் இல்லை.

அதே நேரம் பார்த்து என் போனில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ‘உங்கள் மருத்துவக் காப்பீடு பதினைந்தாம் தேதியுடன் முடிகிறது. ஏஜென்ட் தேவையில்லை. வீட்டிலிருந்தே நீங்களே புதுப்பிக்கலாம்.’

முடிவு பிறந்தது. தொண்டையைச் செருமினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் செருமுவது அந்த அறையில் அபூர்வம்.

“அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க சிரமப்பட வேண்டாம்.”

“சிரமம் என்னண்ணே, பக்கத்துலதானே…”

“எல்லாம் இப்ப போன்லயே வந்துடுச்சு. ஏஜென்ட்டு எதுக்கு? நானே பண்ணிக்குவேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ மிச்சம் இருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் அவர் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

“சரிங்கண்ணே. வரேன் அண்ணி.”

அவர் போனதும் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஐந்து பதில்கள் யோசித்து வைத்திருந்தேன்.

“நீங்களே பண்ணிக்குவீங்களா?”

“பண்ணிக்குவேன்.”

“சரிங்க” என்று கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ‘சரிங்க’வைக் கேட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி அவளுக்கு முட்டி ஆபரேஷன். பதினைந்துக்குள் புதுப்பிக்காவிட்டால், முட்டி சம்பந்தமான எதற்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவளோ பதினாறு படியில் எட்டாவதில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏறுகிறாள். போன வருஷம் பதினொன்றாவதில் நின்றாள்.

திங்கட்கிழமை காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். பாலிசி எண்ணைத் தப்பில்லாமல் அடித்தேன். ‘ஆறு ஒன்று நான்கில் முடியும் உங்கள் கைபேசிக்கு ரகசிய எண் அனுப்பியுள்ளோம்’ என்றது.

என் போன் எண் இரண்டு ஒன்பது ஏழில் முடியும். மறுபடி அடித்தேன். மறுபடியும் ஆறு ஒன்று நான்கு. யாரோ ஒருவன் போனுக்கு என் ரகசியம் போய்க்கொண்டிருந்தது. எனக்கென்று ஒரு ரகசியம் கிடைப்பதே அபூர்வம்.

அவள் காதில் விழக் கூடாது என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். இதற்கு ஒன்று, அதற்கு இரண்டு, எதுவும் புரியாவிட்டால் ஒன்பது. ஒன்பதை அழுத்தினேன். பதினேழு நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள். ‘இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு குரல் சொன்னது. என் பேச்சைப் பதிவு செய்ய ஒரு கம்பெனியே காத்திருக்கிறது. காலரைச் சரி செய்துகொண்டேன்.

“வணக்கம் சார். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

ஒரு பெண். குரலில் சளி கட்டியிருந்தது. என்னிடம் இப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணத் தொடங்கியதில், பதில் சொல்ல மறந்துவிட்டேன்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா, இருக்கேன். நம்பர் மாத்தணும்.”

“பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் சார். அதைச் சொல்லுங்க.”

“அந்த நம்பர் என்கிட்ட இல்லை. அதனாலதானே மாத்தச் சொல்றேன்.”

“புரியுது சார். மாத்தறதுக்கு அந்த நம்பருக்கு வர்ற ஓடிபி வேணும்.”

“அது யார் நம்பரும்மா?”

“அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை சார். நீங்க உங்க ஏஜென்ட்டைப் பாருங்களேன்.”

ஏஜென்ட் வேண்டாம் என்று செய்தி அனுப்பியவர்களே ஏஜென்ட்டைப் பார் என்கிறார்கள். வைத்துவிட்டேன்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டேன். அதற்கடுத்த நாள் மூன்று தடவை. வேறு வேறு குரல்கள், அதே பதில். ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். போகப்போக, நம்பர் விஷயத்தைச் சொல்லிவிட்டு வேறு விஷயமும் சொன்னேன். ஸ்டோரில் ஒரு தடவை நாலாயிரம் வாஷர் கீழே கொட்டியதைச் சொன்னேன். யாரும் ‘அப்புறம் பேசலாம்’ என்று எழுந்து போகவில்லை. அவர்களால் எழுந்து போகவும் முடியாது, அது அவர்கள் வேலை.

சளிக்குரல் பெண் நாலு தடவை கிடைத்தாள்.

“என்னம்மா, சளி குறைஞ்சுதா?”

“ஐயோ, ஞாபகம் வெச்சிருக்கீங்களா சார்? கொஞ்சம் பரவால்ல சார்.”

“வெந்நீர் குடிக்கிறியா?”

“இங்க ஏசி சார். நாலு ஸ்வெட்டர் போட்டாலும் குளிருது.”

எட்டாவது நாள் அவளிடம்தான் சொன்னேன். “நாளையோட தேதி முடியுதும்மா. என் வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பாங்களாம். அதை நினைச்சா எனக்குக் கை நடுங்குது. அவ இல்லாத வீட்டுல எனக்கு எந்த டப்பாவுல என்ன இருக்குன்னுகூடத் தெரியாது.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புல்லாங்குழல் போடவில்லை.

“ஒண்ணும் ஆகாது சார்” என்றாள். அப்புறம் எழுதி வைத்த குரலில், “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்றாள்.

பதினைந்தாம் தேதி காலை எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு ஒன்று நான்கு வேறு யாருடையதாக இருக்க முடியும்? அந்த ஆள் தன் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறான்! என் பாலிசியின் குடுமியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு இருபத்து நான்கு வருஷமாக என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான்!

ஏஜென்ட் வீடு மூன்றாவது தெரு. அவர் என் வீட்டுக்கு இருநூற்று எண்பத்து மூன்று தடவை வந்திருக்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போவது முதல் தடவை. ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒரு கிளாஸ். கறுப்புப் பை சுவரில் ஆணியில் தொங்கியது. அதற்குள்ளிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது.

“வாங்கண்ணே, வாங்க! உட்காருங்க.”

உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “ஆறு ஒண்ணு நாலு. இந்த நம்பருக்கு என்ன பதில் சொல்றீங்க?”

“என்ன நம்பர்ண்ணே?”

“என் பாலிசில இருக்கிற நம்பர். ஆறு ஒண்ணு நாலுல முடியுது. உங்க நம்பர்தானே?”

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, முன்பெல்லாம் என்னை லாரியில் ஏற்றிக் கொல்லும்போதுகூட இல்லாத மெல்லிய குரலில் சொன்னார்.

“அண்ணே, அது அண்ணி நம்பர்.”

நாலாயிரம் வாஷரைக் கொட்டி எண்ணினவன் நான். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்கிறவளின் போன் நம்பர் எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏஜென்சியை விட்டுட்டேண்ணே. யாரும் கூப்பிடறதில்லை, எல்லாரும் போன்லயே பண்ணிக்கிறாங்க. அண்ணிக்கும் சொல்லிக் கொடுத்தேன், ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க. அப்போலேர்ந்து உங்க வீட்டுக்கு அவங்கதான் கட்டறாங்க. ஓடிபி மட்டும் அவங்க நம்பருக்கு மாத்தினோம், ஞாபகப்படுத்தற மெசேஜ் இன்னும் உங்களுக்கே வரும்.”

“அப்ப நீங்க மாசாமாசம் வந்தது?”

“அண்ணிதான், ‘பாலிசி இல்லாட்டி என்ன தம்பி, நாலு மணிக்கு டீ இருக்கும், வாங்க’ன்னாங்க.” தலையைக் குனிந்துகொண்டார். “நான் போறதும் அந்த ஒரு வீடுதாண்ணே.”

பை ஆணியில் தொங்கி மூன்று வருஷம். முப்பத்தாறு சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு வந்திருக்கிறார். நான் அவள் சிரிப்பை எண்ணினேன், அவர் தின்ற பிஸ்கட்டை எண்ணினேன், பை இல்லாததைப் பார்க்கவில்லை. இல்லாத ஒன்றை எண்ண எனக்குப் பழக்கமில்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “முதல் சனிக்கிழமைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு.”

“ஆமாண்ணே.”

“அவ்வளவு நாள் எதுக்கு? வர்ற சனிக்கிழமையே வாங்க.”

வீட்டுக்கு வந்தேன். அவள் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

“போய்ட்டு வந்தாச்சா?”

“எங்கே போனேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தம்பி இப்பதான் போன் பண்ணார். உட்காராமலே திரும்பிட்டீங்களாமே.”

“பாலிசி…”

“நீங்க அவரை வரவேண்டாம்னு சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே கட்டிட்டேன். உங்களை நம்பி என் முட்டியை விட முடியுமா?”

“அப்ப இந்த ஒன்பது நாளும்?”

“ஒன்பது நாளும் என் போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துது. முப்பத்தொரு ஓடிபி. நானும் எண்ணினேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் என்று நினைக்கிறேன். “தெரிஞ்சும் சும்மா இருந்தியா? நான் அந்தப் படியில உட்கார்ந்து கத்திக்கிட்டு…”

“சும்மா இல்லை. கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“எதை?”

“நீங்க பேசறதை. படிக்கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்பது நாளும் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாஷர் கொட்டின கதை எனக்கே தெரியாது. எவ்வளவு நல்லா சொல்றீங்க! வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.”

அவள் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

“அந்தப் பொண்ணோட சளியை நாலு தடவை விசாரிச்சீங்க” என்றாள். “என் முட்டியை ஒரு தடவை கேட்டீங்களா?”

“எட்டாவது படி…” என்றேன். மேலே வரவில்லை.

“ஆபரேஷனை நினைச்சாக் கை நடுங்குதுன்னு அவகிட்ட சொன்னீங்க. எனக்கும்தான் நடுங்குது. நான் யார்கிட்ட சொல்றது?”

நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன். ஜன்னல் கம்பி இருபத்தெட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. சொல்ல நிறைய இருந்தது. காலரைச் சரி செய்துகொண்டேன். வாயைத் திறந்தேன். மூடினேன்.

அவள் காத்திருந்தாள். வெந்நீர்ப் பையை அந்த முட்டியிலிருந்து இந்த முட்டிக்கு மாற்றினாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

“உங்களோட பேசணும்னா இதுல எந்த நம்பரை அழுத்தணும்?”