படிப்படி அண்ணையும் படுத்துவிட்ட சுரப்பியும்

படிப்படி அண்ணையைவிட மெள்ள, ஆறுதலாக அசைகிற சீவன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டென்றால், அது கடலட்டையாகத்தான் இருக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் மருந்தாளர். மின்விசிறியை நிறுத்துவதென்றாலும் ஐந்து, நான்கு, மூன்று என்று குறைத்து, ஒவ்வொரு முறையும் அதற்குச் சம்மதமா என்று அண்ணாந்து பார்ப்பார். சைக்கிள் பிரேக்கைக் கடைக்கு ஐம்பது யார் தூரத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குவார்.

மூட்டு வீக்கத்துக்கு வைத்தியர் எழுதித் தந்த ஸ்டீரொயிட் குளிசையை, மாதாமாதம் சண்டிலிப்பாயிலிருந்து வந்து அவரிடம்தான் வாங்குவேன்.

"ரீச்சர், உதைச் சட்டெண்டு நிப்பாட்டக்கூடாது. டொக்டர் சொல்லுற மாதிரிப் படிப்படியாத்தான் குறைக்கவேணும்" என்பார். நான் தலையாட்டிவிட்டு பஸ்சுக்கு ஓடிவிடுவேன்.

எட்டு மாதத்தில் வீக்கம் வற்றியது, முகம் பூசணிக்காயானது. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தில் என்னைக் கண்ட அன்றே குளிசை விழுங்குவதை விட்டேன்.

நான்காம் நாள் தலைச்சுற்றும் வாந்தியுமாக அவர் கடைக்குள் தள்ளாடி நுழைந்தேன்.

"குளிசையை விட்டிட்டியளோ?"

"ஓம் அண்ணை. நாலு நாளாச்சு."

மனிதர் மேசைக்கு மேலால் பாய்ந்தார். இருமல் மருந்துப் போத்தல் இரண்டு உடைந்தன. ஓடிய ஓட்டோவை நடுத்தெருவில் மறித்து, என்னை ஏற்றித் தானும் ஏறினார்.

"எனக்கு என்ன அண்ணை?"

"மூளைக்குக் கீழை பிட்யூட்டரி எண்டு கடலையளவிலை ஒரு சுரப்பி இருக்கு. உடம்புக்கு நெருக்கடி வந்தா அது செய்தி அனுப்பும். உடனை சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற சுரப்பி கோர்ட்டிசோலைச் சுரக்கும். ரத்தத்திலை அது போதுமெண்டு கண்டா, பிட்யூட்டரி செய்தியைக் குறைச்சுப்போடும். உங்கடை குளிசையும் கோர்ட்டிசோல் மாதிரித்தான். எட்டு மாசமா அது நிறைஞ்சு கிடந்தபடியா, பிட்யூட்டரி தனக்கு வேலையில்லை எண்டு படுத்திட்டுது. இப்ப குளிசையும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை. கோர்ட்டிசோல் இல்லாட்டி ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து."

"இனி எழும்பாதோ?"

"எழும்பும். ஆறுதலாத்தான் எழும்பும்." ஓட்டோக்காரரைப் பார்த்து, "தம்பி, நீர் ஆறுதலா ஓடாதையும்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே, "ஸ்டீரொயிட்டைத் திடீரெண்டு நிப்பாட்டின ஆள்" என்று அவர் சொன்னதால்தான் தாமதமின்றி ஊசி போட முடிந்ததாக வைத்தியர் பிறகு சொன்னார். பின்னேரம் எனக்குத் தெளிந்தபோது, கட்டிலருகே மர வாங்கில் குந்தியிருந்தபடியே அண்ணை நித்திரையாகியிருந்தார்.

வைத்தியர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, என் பிட்யூட்டரி வேலைக்குத் திரும்ப ஏழு மாதம் எடுத்தது. இப்போது எனக்கு எந்த மருந்தும் தேவையில்லை. ஆனாலும் பட்டணத்துக்குப் போனால் அந்தக் கடைக்குள் நுழைந்து, இல்லாத தடிமனுக்கும் இருமலுக்கும் ஏதாவது கேட்டுக்கொண்டு சற்று நேரம் நிற்கிறேன்.