பாவ் அத்தை வீட்டுக் குளம்

பழைய நகரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று சீனாவின் லின்ஹே நகரத் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகம் தீர்மானித்தது. கீழேயிருந்து பார்த்தால் மனிதர்கள் குறுக்கே குறுக்கே வருகிறார்களாம். ஆகவே ட்ரோனைப் பறக்கவிட்டு, படமெடுத்து, கணினியில் போட்டு வரைபடம் தயாரித்தார்கள். வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை. ஊர்தான் அங்கங்கே அதோடு ஒத்துப்போகவில்லை.

அப்படி ஒத்துப்போகாத ஒன்று, உப்புச் சந்தில் பாவ் அத்தையின் வீடு. கடுகுக்கீரையை உப்பிட்டுக் காயவைத்து விற்கிற மனுஷி. வாய் கொஞ்சம் நீளம். குளிர்காலம் முழுக்கக் கூரை ஒழுகிற்று. ஜூன் மழைக்குள் ஓடு மாற்றாவிட்டால் கீரையும் போச்சு, பிழைப்பும் போச்சு. பாதுகாக்கப்பட்ட சந்தில் ஓர் ஓடு நகரவும் அனுமதி வேண்டும். சந்து முனையில், பழைய உப்பு வியாபாரியின் மாளிகையில்தான் அலுவலகம். விண்ணப்பத்தோடு போனாள்.

பிரிவுத் தலைவர் ஷென் திரையைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"அத்தை, இந்த எண்ணுல வீடே இல்லையே. குளம்னுல்ல இருக்கு."

"குளமா? அப்ப நான் என்ன மீனா?"

"நீலமா இருக்கு பாருங்க. நீலத்தைக் கணினி தண்ணின்னு படிக்கும்."

"அட, அது தார்ப்பாய் தம்பி! ஒழுகுதுன்னு கூரை மேல போட்டேன்."

"தார்ப்பாய்னு ஒரு வகையே பட்டியல்ல கிடையாது. நிபுணர் குழு மிங் பேரரசர் காலத்துக் குளம்னு அறிக்கையே குடுத்துட்டாங்க."

"நேர்ல வந்து பாத்தாங்களா?"

"நேர்ல பாத்தா பாரபட்சம் வந்துடும்."

"சரி, படத்தைத் திருத்துங்க."

"மாகாணப் பரிசு வாங்கின படம் அத்தை! அதுல கை வைக்க முடியுமா? இடத்தைத்தான் திருத்தணும்."

வாரம் திரும்புவதற்குள் அறிவிப்பு வந்தது: 'மேற்படி தொன்மைக் குளத்தை ஆக்கிரமித்துள்ள வீட்டை அகற்றி, குளத்தை அதன் பண்டைய பொலிவுக்கு மீட்டெடுக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது.'

எதிர்வீட்டு ஃபூ, கையில் மாஜோங் ஆட்டக் காயோடு வந்து சிரித்தார். "தாமரை விடுவாங்களா, வாத்து விடுவாங்களா?"

மறுநாள் இரண்டாவது அறிவிப்பு. குளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குச் சுற்றி நடைபாதை. அதில் சிவப்பு விளக்குகள், தேநீர்க் கடைகள். இப்போது எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் அதே விளக்கு, அதே கடை. அப்படி இருந்தால்தான் பழமையாம். அந்த நடைபாதையில் ஃபூ வீடும் போனது. சிரிப்பும் போனது.

"அவங்களுக்கு நிறம்தானே தெரியும்? காட்டிடுவோம்" என்றாள் அத்தை.

ஏப்ரலில் மறு அளவெடுப்பு. அன்று காலை தார்ப்பாயைச் சுருட்டிவிட்டுக் கூரை முழுக்கப் பச்சைப்பசேலென்று கடுகுக்கீரையைப் பரப்பினாள். சந்தே பரப்பியது. அவளிடம் இரண்டு கூடை வாங்கியிருந்த அலுவலகச் சமையல்காரரும், வெயில் நன்றாக இருக்கிறதே என்று மாளிகைக் கூரையில் பரப்பிவைத்தார்.

பத்தே நாளில் ஷென் முகமெல்லாம் பல்லாக வந்தார். "அத்தை, குளம் ரத்து! நீங்க இப்ப முதல்தர விளைநிலம். ஒரு பிடி மண்ணை ஒருத்தனும் தொட முடியாது."

"அப்ப ஓடு மாத்தலாமா?"

"வயலுக்கு ஏது ஓடு?"

"மழை வருமே, தம்பி!"

"வயல்ல மழை பெஞ்சா நல்லதுதானே!" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அத்தை ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேவிட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, விவசாய அலுவலகத்துக்குப் போய் இன்னொரு விண்ணப்பம் கொடுத்தாள்: 'பயிரை மழையிலிருந்து காக்கச் சுட்ட களிமண் மூடாக்கு.' இரண்டே நாளில் முத்திரை விழுந்தது. கூரை முழுக்கப் புது ஓடு!

மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் ஷென் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"அத்தை, எங்க மாளிகையும் வயலாயிடுச்சு. கணினி மேலயே ஒழுகுது. ஓடு மாத்தணும்னு கேட்டா, வயலுக்கு ஏது ஓடுன்னு மேலிடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க."

மூடாக்கு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், விழுங்கிக்கொண்டாள். உள்ளே போய் நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து நீட்டினாள். ஷென் இரண்டு கையாலும் வாங்கி, மூன்று முறை நன்றி சொன்னார்.

"அடுத்த அளவெடுப்பு எப்போ தம்பி?"

"மழை ஒரு நாள் விட்டாலும் உடனே, அத்தை" என்று ஓடினார்.

அத்தை சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு. எதிர்வாசலில் நின்ற ஃபூவும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அம்மாடி, எத்தாம் பெரிய மாளிகை! குளம் நல்லா அகலமா வரும், சுத்தி நடைபாதையும்..."

பாதியில் நிறுத்திவிட்டு, சந்தின் நீளத்தை ஒரு கண்ணால் அளந்தார். அத்தையும் அளந்தாள். பிறகு தன் புது ஓடுகளைப் பார்த்தாள். இந்த ஈரத்தில் எந்தக் கீரையைப் பரப்புவது?

"தம்பி! ஏய் தம்பி! தார்ப்பாயைக் குடு!" என்று அத்தை செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினாள்.

மாளிகைக் கூரையில் சமையல்காரர் நீலத்தை இழுத்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். மழையும் அப்போதுதான் விட ஆரம்பித்தது.