சவுனாவை இடிப்பதற்கு முன்

அரிசோனா,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

என் பிரியமுள்ள மருமகன் நீலுக்கு, மாமா ரெய்னோ எழுதுவது. அங்கே நீயும் ட்ரூடியும் நலம்தானே? நிலவறைக் குழாய் உறையாமல் இருக்கிறதா? ஹீட்டர் இருமுகிறதா? இருமினால் பயப்படாதே, பூட்ஸ் காலால் பக்கவாட்டில் ஒரு உதை விடு, அடங்கிவிடும். நாங்களும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உன் கார்டு வந்தது. பனி உருகியதும் கொல்லையில் நாம் நீராவிக் குளியல் போடும் சவுனாவை இடித்துவிட்டு, அந்த இடத்தில் உன் பனிவண்டிக்குக் கொட்டகை போடப் போவதாக எழுதியிருந்தாய். வீடு உன்னுடையது. விற்றவன் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. ஆனால் உன் அத்தை எல்வி அதைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம், எனக்கென்ன வந்தது.

எல்லாம் என் வாயால் வந்தது. நம் மினசோட்டாவில் ஜனவரி பிறந்தால் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவனும் "இதாம்ப்பா எனக்குக் கடைசிக் குளிர்காலம், அரிசோனாவுக்குப் போயிடப்போறேன்" என்பான். எவனும் போனதில்லை. சவுக்கியமா என்று கேட்பது மாதிரி அது ஒரு பேச்சு. நானும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீதான் அத்தனை பேர் முன்னாலும் "மாமா, அப்ப வீட்ட எனக்கே வித்துடுங்களேன்" என்று கேட்டுவிட்டாய். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சும்மா சொன்னேன்டா என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான், பிள்ளைகள் இருக்கும் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. "எடுத்துக்கோடா" என்றேன்.

அப்புறம் என்ன, ஒரு கேரவனை வாங்கி டிரக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நெப்ராஸ்காவில் அடித்த காற்றில் கேரவனின் பந்தல்துணி பிய்த்துக்கொண்டு யாரோ ஒருவருடைய சோளக்காட்டுக்குப் போய்விட்டது, நான் நிற்கவில்லை. கொலராடோவில் ஒரு பெட்ரோல் பங்கில் முன்னால் சுவர், ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். எல்வி பின்னால் நின்று கையைக் காட்டினாள். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் கேரவன் அந்தப் பக்கம் போகிறது, இது என்ன வண்டியடா என்று நினைப்பதற்குள் குப்பைத்தொட்டி நசுங்கிவிட்டது. லாரிக்காரர்கள் காபியை வாங்கிக்கொண்டு வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்வி வந்து டிரக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"ஏன், நான் எடுத்துட்டுதானே இருக்கேன்?"

"எடுத்து கிழிச்சீங்க. நேராப் போறதுக்குன்னே பொறந்த மனுஷன் நீங்க, இறங்கி அந்தத் தொட்டிய நிமித்தி வைங்க."

அவளே ஏறி ஒரே வீச்சில் வெளியே எடுத்துவிட்டாள். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ரிவர்ஸ் அவள் வேலை.

இங்கே கேரவன்கள் நிறுத்தும் பார்க்குக்கு வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலம், கேரவன்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்து. நான் டிரக்கை பார்க் மண்டபத்து வாசலில் நிறுத்தினேன். நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியுமே, கை தானாகப் போய் டிரக் மூக்கில் தொங்கும் இன்ஜின் ஹீட்டர் ஒயரை எடுத்து மண்டபத்துச் சுவரில் சொருகிவிட்டது. உள்ளே ஏற்கெனவே பத்து அடுப்பு கரண்டில் வெந்துகொண்டிருக்கிறது. மொத்தமும் அணைந்துபோயிற்று. பக்கத்து கேரவன் வெர்னான் வந்து ஒயரைத் தூக்கிப் பார்த்து, "ஏண்ணே, இது கரண்டுல ஓடுற டிரக்கா?" என்றான். "ராத்திரி இன்ஜின் உறைஞ்சிடும்ல" என்றேன். அவன் என் சட்டையைப் பார்த்தான், வியர்வையில் நனைந்திருந்தது. இப்போது பார்க்கில் எனக்குப் பெயரே ஒயர்தான். மானம் போயிற்று.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், உன் அத்தையைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை. பனி தள்ளும் மண்வெட்டியை இன்னும் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். டிவியில் நம் ஊர்க் குளிரைச் சொன்னால் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். சவுனா நாளான சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேரவன் வாசலில் வந்து நிற்கிறாள், எங்கே போவதென்று தெரியாமல். இந்த ஊரே சவுனாதான், சூட்டுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் வெளியே ஓடிப்போய் விழுந்து புரளப் பனி எங்கே இருக்கிறது? அந்த அடுப்புக் கற்கள் உன் தாத்தா ஏரிக்கரையில் பொறுக்கியவை. ஒவ்வொரு கல்லும் தண்ணீர் பட்டால் எப்படிச் சீறும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றுகூட நீச்சல் குளத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் முகம் வாடிப்போனாள்.

அதனால் கேட்கிறேன். இடிக்காதே. முடிந்தால் சவுனாவுக்குப் பக்கத்தில் ஒரு கேரவன் நிற்கும் அளவு இடம் விட்டு வை, அத்தைக்காக.

ட்ரூடிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் விறகும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

உன் மாமா,
ரெய்னோ லாஹ்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் எல்வி வாங்கிப் படித்துவிட்டாள். "நானா சாப்பிடல? நானா துண்டப் போட்டுட்டு நின்னேன்? எனக்கு இங்க மூட்டுவலியே போயிடுச்சு, நான் எங்க ஏங்கினேன்? கேக்கறத உங்க பேர்ல கேளுங்க" என்றாள். ஆகவே, நீல், மேலே ஏக்கம் என்று வருகிற இடத்திலெல்லாம் அத்தையை அடித்துவிட்டு மாமா என்று போட்டுப் படித்துக்கொள். அவள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும், நீ சரி என்றால் ஏப்ரலில் என்னை அங்கே அழைத்து வருவதாகச் சொல்கிறாள். கேரவனை சவுனா பக்கத்தில் அவளே ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிடுவாள். நான் பின்னால் நின்று கையைக் காட்டுவேன்.