பதிவுப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர்

யாராவது குனிந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால், அவருடைய முதுகுக்கு இரண்டடி பின்னால், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்தபடி இன்னொருவர் நிற்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அவரை யாரும் கூப்பிடவுமில்லை. ஆனாலும் வேலை முடியும்வரை நகரமாட்டார். குழாயைப் பழுது பார்க்கிறவருக்குப் பின்னால், டயர் மாற்றுகிறவருக்குப் பின்னால், நாலு பேர் மூச்சு முட்ட ஒரு பீரோவைப் படியேற்றினால் ஐந்தாவது ஆளாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எங்கே போனாலும் இந்த இனம் இருக்கிறது. பறவைகளுக்கெல்லாம் பெயர் வைத்து, படம் போட்டுப் புத்தகம் எழுதுகிறார்கள். இவர்களை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைப் போக்க நான் 'பின்னால் நிற்பவர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இவர் கையில் எந்தக் கருவியும் இருக்காது. "இதைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்று நீட்டினால், "நான் பிடிச்சா அப்புறம் யாரு பாத்துச் சொல்றது?" என்பார். வந்து நின்றதும் முதல் வசனம், "பண்ணுங்க, பண்ணுங்க. நான் சும்மா நிக்கறேன்." சும்மா நிற்பது அரை நிமிடம்தான். அடுத்தது "ம்ம்ம்..." என்று ஓர் இழுவை. வேலை செய்கிறவருக்கு அதுவரை இருந்த தைரியத்தில் பாதி அந்த இழுவையிலேயே போய்விடும். அதற்கப்புறம், "தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு யோசனை." வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? அந்த யோசனையும் ஒற்றையாக வராது. "வலப்பக்கம் திருப்பிப் பாக்கலாம். இடப்பக்கமும் திருப்பலாம், தப்பில்ல." கடைசியில் அது எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, "நான் அப்பவே சொன்னேன்ல?" உண்மைதான், சொல்லியிருக்கிறார். இரண்டையும் சொல்லி வைத்தவரை எதைக் கொண்டு மடக்குவீர்கள்?

எங்கள் கிடங்கிலும் ஒருவர் இருக்கிறார். ஜன்னலுக்கும் கதவுக்கும் போடுகிற கண்ணாடிகளை மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து லாரியில் அனுப்பும் இடம் எங்களுடையது. நான் சரக்குச் சீட்டு எழுதுகிறவன். அவர் அனுப்பும் பிரிவில் மூத்தவர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். எங்களுக்கு அவர் 'நிழலண்ணன்'. நேரில் அண்ணன் என்று மட்டும் கூப்பிடுவோம். முன்பாதி அவர் அந்தப் பக்கம் போனபிறகு ஒட்டிக்கொள்ளும். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வருபவர் அவர்தான். வந்து, ஊசி போடுகிற நர்ஸுக்குப் பின்னால் நிற்பார்.

கிடங்கில் கேமரா வைக்கவேண்டும் என்று எங்கள் மேலாளர் மேடம் ஒருநாள் முடிவெடுத்தார். பதினாறு கேமராக்கள், அவை பார்ப்பதையெல்லாம் வாங்கிச் சேமித்து வைக்க ஒரு பதிவுப் பெட்டி, அந்தப் பெட்டியை மாட்ட ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு ரேக். சாமான்கள் வந்து இறங்கிய அன்று மேடம் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் நிழலண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் கூட இருந்து பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாகத் தன் சொந்தப் பொறுப்பில் நின்றுகொண்டிருந்த மனிதருக்கு முதல்முறையாக நிற்பதற்கு உத்தரவு கிடைத்துவிட்டது!

கேமராக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். ரேக்கை நிமிர்த்தி வைத்து, மட்டம் பார்த்து, அதன் சட்டத்தில் வரிசையாக இருந்த சதுர ஓட்டைகளில் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, பெட்டிய எங்க மாட்டப் போறீங்க?"

"கீழ் வரிசையில சார்."

"ம்ம்ம்... தப்பா எடுத்துக்காதீங்க. முக்கியமான பொருள். மேல வைக்கறதுதானே மரியாதை?"

"கனமான பெட்டி சார். மேல மாட்டினா ரேக்கே தலைகுப்புற விழும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கீழயே வைங்க."

பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு முனையைக் கேமராக்காரர் பிடித்தார், மறுமுனையை நான். இரண்டு பக்கச் சட்டத்திலும் ஒரே நேரத்தில் செருக வேண்டும். நூலளவு விலகினாலும் உள்ளே போகாது. "இடது கொஞ்சம் மேல... இல்ல இல்ல, வலது கொஞ்சம் கீழ... ரெண்டும் ஒண்ணுதான், எப்படியோ பண்ணுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. என் கட்டைவிரல் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி நான் அலறியபோது, "விரலை எடுங்க" என்ற அரிய ஆலோசனையையும் அவர்தான் வழங்கினார்.

கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, கேமராக்காரர் ஸ்விட்சைப் போட்டார். பெட்டிக்கு உயிர் வந்தது. வந்ததும் 'பீப், பீப்' என்று விடாமல் கத்த ஆரம்பித்தது.

"என்ன தம்பி, இப்பவே அழுவுது?"

"உள்ள பதிவு பண்ற டிஸ்க் ரெண்டு இருக்கு சார். இன்னும் ஃபார்மட் பண்ணல. அதைத்தான் சொல்லுது. ஒரே நிமிஷம், பண்ணிடறேன்."

ஃபார்மட்! அந்தச் சொல் காதில் விழுந்ததும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரை யாரோ ஃபார்மட் செய்து, மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நடித்த படங்கள் அத்தனையும் போய்விட்டன. யாரோ என்றால் அவர்தான்.

"வேண்டாம் தம்பி. ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்."

"புது டிஸ்க் சார். அழியறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தீங்களா?"

கேமராக்காரர் பொறுமைசாலி. "புது நோட்டுல எழுதறதுக்கு முன்னாடி கோடு போடற மாதிரி சார்" என்று விளக்கிப் பார்த்தார். "ஏற்கெனவே எழுதியிருக்கறது மேல கோடு போட்டுட்டீங்கன்னா?" என்று கேட்டார் அண்ணன். "மேடம் வரட்டும், கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தச் சத்தத்த அணைச்சிடுங்க" என்று தீர்ப்பு வந்தது.

இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். 'ஐயா, என்னால் ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை' என்று ஒரு பெட்டி கதறுகிறது. நம் ஆள் அதன் வாயைப் பொத்தச் சொல்கிறார். கேமராக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பொத்தினார். வேலைச் சீட்டில், 'டிஸ்க் ஃபார்மட் வேண்டாமென்று சொன்னதால் செய்யவில்லை. தகவல் கொடுத்தால் வந்து செய்து தருகிறேன்' என்று எழுதி நீட்டினார். அண்ணன் அதைப் படிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் தாராளமாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை போட்டுக் கொடுத்தார்.

திரையில் பதினாறு கட்டங்கள் பளிச்சென்று விழுந்தன. வாசல், லாரி நிற்கும் இடம், பேக்கிங் மேஜை, பெட்டிகள் அடுக்கிய வரிசைகள், எல்லாம் அச்சு அசலாகத் தெரிந்தன. படம் தெரிகிறது என்றால் பதிவாகிறது என்றுதானே அர்த்தம்? அண்ணன் அப்படித்தான் நம்பினார். ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் அப்படித்தான் நம்பினேன். மேடம் திரும்பி வந்ததும் அண்ணன் திரைமுன் அழைத்துப்போய் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். டிஸ்க் சமாசாரம் அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதற்கப்புறம் தினமும் ஒரு மணி நேரம் அந்தத் திரையின் எதிரில் நின்றார். ஒரே இடத்தில் நின்று பதினாறு பேருக்குப் பின்னால் நிற்கிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று.

இருபதாம் நாள் காலை, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். எட்டுக் கண்ணாடிகள் அடைத்த பெட்டி ஒன்று சரிந்து தூள் தூளாகிக் கிடந்தது. பக்கத்தில் பெட்டிகளைத் தூக்கி நகர்த்துகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி. அதன் இருக்கையில், கிடங்கில் நாங்கள் எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண், பேயறைந்த மாதிரி.

அவளைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஆறு வருடம் பேக்கிங் மேஜையில் நின்று ஆணியடித்தவள். வீட்டுக்காரர், மாமியார், மேஜையில் கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, வண்டி ஓட்டப் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மூன்று மாதத் தகுதிகாண் காலத்தை ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிரந்தர உத்தரவு. அன்று புதன்.

மேடம் வந்தார். "என்ன நடந்தது?"

"அண்ணன் பின்னால நின்னு 'வரலாம், வரலாம்'னு கைய ஆட்டினாரு மேடம். அவரை நம்பித்தான் வண்டியப் பின்னால எடுத்தேன்."

"நானா? 'பாத்து வாம்மா, பாத்து வா'ன்னுல்ல கத்தினேன்! அப்பவே சொன்னேன் மேடம்!"

"கேமரா இருக்குல்ல? பாருங்க மேடம்" என்றாள் தங்கச்சி. "ஆமா, பாருங்க, பாருங்க!" என்று அவளைவிடச் சத்தமாகச் சொன்னார் அண்ணன். பாவம், அவருக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மேடம் திரையில் பதிவுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். மாதத்தின் தேதிகள் கட்டம் கட்டமாக வந்தன. பதிவு இருக்கிற நாளில் ஓர் அடையாளம் இருக்குமாம். ஒரு நாளிலும் இல்லை. கேமராக்காரருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"டிஸ்க்க ஃபார்மட் பண்ணவே விடலியே மேடம். பெட்டி கத்திச்சு, அதையும் அணைக்கச் சொல்லிட்டாங்க. சீட்டுல எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கேன்."

சீட்டு எடுக்கப்பட்டது. அந்தக் கையெழுத்தை வாசலிலிருந்தே படிக்கலாம். தங்கச்சி தலையிலிருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

மேடம் சீட்டை மடித்து மேஜையில் வைத்தார். "டிஸ்க் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். இப்ப படமும் இல்ல, பாத்தவங்களும் இல்ல. நீங்க ஒண்ணு சொல்றீங்க, இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவர் ஒண்ணு சொல்றார். நான் என்னம்மா பண்றது? வெள்ளிக்கிழமை உத்தரவ நிறுத்தி வைக்கறேன். நீங்க இப்போதைக்குப் பேக்கிங்குக்கே போங்க."

பின்னால் நிற்பவரின் வாழ்க்கையில் வரக்கூடாத நேரம் அது. அவருக்கு முன்னால் யாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் செய்யவேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சும்மா நிற்பது. அதில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம்.

அவர் நிற்கவில்லை. ஓரடி முன்னால் வந்தார்.

"மேடம்... பாத்து வான்னு சொன்னேன். பொய்யில்ல. ஆனா அதுக்கு முன்னாடி வரலாம்னும் சொன்னேன். கையையும் ஆட்டினேன். அவ என் கையத்தான் பாத்தா. நான் கண்ணாடிப் பெட்டியப் பாக்கவே இல்ல மேடம். இவ ஸ்டியரிங்க எப்படிப் பிடிக்கறான்னு பாத்துட்டிருந்தேன். தப்பு என்னோடது. அவளப் பேக்கிங்குக்கு அனுப்பாதீங்க."

கேலி செய்ய வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மேடம் அவருக்கு எழுத்துமூலம் ஒரு கண்டிப்புக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு தலையாட்டினார். தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. அவள் அதை முதலில் கொண்டுபோய்க் காட்டியது அண்ணனிடம்தான். "நல்லா ஓட்டு" என்றார். ரொம்ப நேரம் யோசித்து, வேறொன்றும் சொல்லவில்லை.

கேமராக்காரர் மறுபடியும் வந்து டிஸ்க்குகளை ஃபார்மட் செய்தார். அண்ணன் கதவோரமாக, பன்னிரண்டடி தள்ளி நின்றார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார்; பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. திரையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் வரை தாக்குப் பிடித்தார். "தம்பி, அந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வெச்சா சீக்கிரம் முடியுமோ?"

"முடிஞ்சிடுச்சு சார்" என்றார் கேமராக்காரர்.

அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கேமராக்காரர் சத்தத்தை அணைத்தபோது, 'அட, அணைக்காதேப்பா' என்று மனதுக்குள் சொன்னீர்கள், இல்லையா? மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று நினைத்தீர்கள். இந்த இடத்தை இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்றுகூட இரண்டு தடவை தோன்றியிருக்கும். மறைக்காதீர்கள், எனக்குத் தெரியும். பரவாயில்லை, அது ஒரு குற்றமில்லை. ஆனால் உங்கள் கையசைவை நம்பி ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்து, எதையோ உடைத்து, பார்த்த ஆளும் இல்லை படமும் இல்லை என்று ஆகும்போது, உங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். யோசித்து முடிக்கும்வரை சற்றுத் தள்ளி நில்லுங்கள். நீங்கள் விடுகிற மூச்சு என் பிடரியில் படுகிறது.