புகை போட்ட பற்றறி

கணேசலிங்கம் குமிழைத் திருகினார். றேடியோ 'கர்' என்று ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது. அவ்வளவுதான், பற்றறியின் கதை முடிந்தது.

நாளை மறுநாள் சனிக்கிழமை. பின்னேரம் வானொலி நாடகத்தின் கடைசிப் பகுதி. அதைக் கேட்காவிட்டால் மகாதேவியக்காவுக்கு விடுமுறை விடுமுறையே இல்லை.

மனைவி சிவனேஸ்வரியின் தமக்கை அவர். ஆகஸ்ட் விடுமுறைக்குப் புருஷன் சரவணமுத்துவோடு யாழ்ப்பாணத்திலிருந்து யட்டியாந்தோட்டைக்கு வந்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பார்த்த படம், வாரப் பத்திரிகைத் தொடர்கதை, புதுப் பாட்டு என்று அக்காவின் வாய் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இந்த நாடகம். கதாநாயகிக்கு யார் தாலி கட்டப்போகிறான் என்று தெரியாமல் மனுஷிக்குச் சோறே இறங்கவில்லையாம். இரண்டாவது கோப்பைச் சோறும் காலியானதைக் கணேசலிங்கம் கண்ணால் கண்டார். சரவணமுத்துவோ பேப்பருக்குப் பின்னால் இருந்தபடி எதற்கும் "ம்" என்பதோடு சரி.

அந்த றேடியோவே அக்கா கொடுத்த கலியாணப் பரிசுதான். "ஒழுங்காப் பாக்காட்டித் திருப்பிக் கொண்டு போயிடுவன், தம்பி" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். அது போய்விட்டால் ரப்பர் தோட்டத்துக் கிளாக்கரான கணேசலிங்கத்துக்கு மிச்சம் மழைச் சத்தம் மட்டும்தான்.

அவரும் புதுப் பற்றறிதான் போட்டு வைத்திருந்தார். ஆனால் பாழாய்ப்போன டெஸ்ட் மேட்ச் இப்போதுதானா இங்கிலாந்தில் நடக்க வேண்டும்! பெண்கள் பீலித் தண்ணீரில் குளிக்கப் போகிற நேரமெல்லாம் விறகுக் கொட்டிலில் றேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தார்.

கடைத்தெருவில் கடைக்கார முக்தார் கையை விரித்தார். "பெட்டரி ஒண்ணுமில்ல கிளாக்கர் ஐயா. பழச வெயில்ல காய வைங்க, உசிர் வரும்."

வெயிலுக்கு எங்கே போவது? ஒரு கிழமையாய்ச் சூரியனைக் காணோம். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. மழை நாளில் ரப்பர் ஷீட் எங்கே காய்கிறது? புகை வீட்டில்!

அங்கே ஷீட் தொங்கவிடும் சுப்பம்மா மூக்கில் விரலை வைத்தாள். "என்னங்க ஐயா, இதையுமா காயப் போடுறது?"

"வெளியிலை சொல்லிப் போடாதை."

"நான் ஏங்க சொல்லப் போறேன்?" என்றாள். பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பற்றறிகள் கறுத்துப்போய் வந்தன. றேடியோ இப்போது முனகக்கூட இல்லை. ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டால் சரிவரும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அதையும் செய்து பார்த்தார். தண்ணீர் ஒழுகியதுதான் கண்ட பலன்.

சிவனேஸ்வரி மோந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, றேடியோவுக்கை ஆர் கருவாடு வைச்சது?"

"மழைக்குணமப்பா, எல்லாம் இப்பிடித்தான் மணக்குது" என்று சமாளித்தார்.

சனி பின்னேரம். மடியில் முறுக்கு டின்னோடு மகாதேவி றேடியோவுக்கு முன்னால் வந்து அமர்ந்தார்.

"அக்கா, மழையாலை இண்டைக்கு ஸ்டேஷன் வேலை செய்யாதாம்" என்று கணேசலிங்கம் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே லயத்திலிருந்து நாடகத்தின் முகப்பு இசை கணீரென்று கேட்டது. சே! இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"பிழை என்ரைதான், அக்கா. கிரிக்கெட் கேட்டுப் பற்றறியை முடிச்சுப் போட்டன். றேடியோவை நீங்களே கொண்டு போங்கோ."

மகாதேவி முறுக்கைக் கிளறி அடியிலிருந்து பற்றறிகளை எடுத்தார். றேடியோவின் முதுகைத் திறந்து துடைத்து, பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டார். நாடகம் வாய் திறந்தது.

"உஷ்! ஒருத்தரும் கதைக்கப்படாது!"

கணேசலிங்கத்தால் கண்களை நம்ப முடியவில்லை. போன கிழமை அவர் முக்தாரிடம் வாங்கிய அதே பற்றறிகள்! அவர் சிவப்பு மையால் எழுதிய திகதிகூட அப்படியே இருந்தது. புகை போடுகிற அவசரத்தில் அதைத் தேடிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

சரவணமுத்து பேப்பரை மெல்ல இறக்கிவிட்டு அவர் காதோரம் குனிந்தார்.

"நீர் புகை போட்டது எங்கட வீட்டுப் பழசு, தம்பி. நானும் கிரிக்கெட் பைத்தியம், அதாலை எந்த வீட்டுக்குப் போனாலும் இவவுக்கு முதல் வேலை புதுப் பற்றறியை ஒளிச்சுப் பழசைப் போடுறதுதான். அதை விடும், ஸ்கோர் என்ன?"