மிக்ஸர் மாமாவும் பின்வாசல் அடைத்த ஹெட்போனும்

திருவனந்தபுரத்தில் காது உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். காதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது மிக்ஸர் மாமாவின் உறுதியான அபிப்பிராயம். அந்த ஒருவர் யார் என்று கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார். பெயரை மட்டும் சொல்ல மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் கரமனையில் ஓர் அக்ரஹாரத் தெருவில் அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கட்டைப் பிரம்மச்சாரி. மாமா பகலில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க். மற்ற நேரமெல்லாம் ரெக்கார்டிங் எஞ்சினீயர். இந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரேதான். துபாயில் இருந்த மருமான் லீவில் வந்தபோது சின்னதாக ஒரு மிக்ஸரும் இரண்டு கேசட் டெக்கும் ஒரு மைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அன்று முதல் வீட்டின் பின்கட்டு அறை ஸ்டூடியோ ஆயிற்று.

"மிக்ஸர் வந்தாச்சு! இனி எல்லாம் ஆத்துலயே மிக்ஸிங்தான்" என்று மாமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். தெருவும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது. அந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டு மாமி பெரிய டப்பாவோடு வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு கிலோ மதி, அது போரும். காரம் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ. நிலக்கடலை வேண்டாம், எங்காத்து மாமாவுக்கு வாயுவாக்கும்."

மாமா கோபத்தில் விருட்டென்று உள்ளே போய்விட்டார். மாமாவின் மனைவி பார்வதி மாமி அந்த டப்பாவை வாங்கி வைத்து, மறுநாள் ஓமப்பொடியும் பூந்தியும் பொரித்துக் கலந்து கொடுத்தனுப்பி வீட்டு மானத்தைக் காப்பாற்றினார். மிக்ஸர் மாமா என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்தது முட்டை விவகாரம். அறையில் எதிரொலி இருக்கக் கூடாது, அதற்குச் சுவர் முழுக்க முட்டை அடுக்கும் அட்டையை ஒட்ட வேண்டும் என்று மாமா எங்கேயோ படித்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் சேகரித்த அட்டைகளை ஆட்டோவில் ஏற்றி, மேலே வாழை இலை போட்டு மறைத்துக்கொண்டு வந்தார். கரமனைப் பாலத்துக் காற்று இலையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆட்டோ தெருவுக்குள் நுழையும்போது எல்லா வாசலிலும் ஆள் இருந்தது.

"முட்டை இல்லை, கேட்டேளா! வெறும் அட்டையாக்கும்!" என்று மாமா ஆட்டோவிலிருந்தே கத்தினார்.

"அது கொழப்பம் இல்லை, இருந்துட்டுப் போகட்டும். முட்டையை எங்கே வச்சுட்டு வந்தேள்?" என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மாமா கடைசிவரை திருப்தியான பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தெருக்காரர்கள் யாரும் மாமா வீட்டில் காபி குடிக்கவில்லை.

இவ்வளவும் முன்னுரைதான். மாமாவின் வாழ்க்கையைப் பிடித்து ஆட்டிய விஷயம் ஹெட்போன்.

அவருடைய முறை இது. முதலில் தம்புராவையும் வயலினையும் ஒரு கேசட்டில் பிடித்துக்கொள்வார். பாடுகிறவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மைக்கில் பாட வேண்டும். இரண்டையும் மிக்ஸரில் கலந்து அடுத்த டெக்கில் ஏற்றுவார். ஆனால் மருமான் கொடுத்த ஹெட்போனில் ஓடும் தம்புரா வெளியே கசிந்து மைக்குக்குள்ளும் போய்விடும். கேட்டால் இரண்டு தம்புராக்கள் ஒன்றையொன்று துரத்துவது போல இருக்கும்.

"இது ஓப்பன் டைப் ஓய்" என்று எனக்கு விளக்கினார். "முன்வாசலும் பின்வாசலும் தொறந்து கிடக்கற அகம் மாதிரி. இங்கே ரகசியம் பேசினா பின்தெருவுல கேக்கும். நமக்கு வேண்டியது பின்வாசல் அடைச்சதாக்கும். க்ளோஸ்டு பேக்! மனசிலாச்சா?"

எனக்கு மனசிலாயிற்று. துபாய் மருமானுக்கு ஆகவில்லை. மாமா ட்ரங்க் கால் போட்டு, "சத்தம் ஒரு பொட்டுக்கூட வெளியே வரப்படாது, நன்னா அடைச்சது, காதை முழுக்க மூடறது" என்று தொண்டை கிழியக் கத்தினார். பையன் சொன்னபடி அனுப்பினான். மஞ்சள் நிறத்தில் கனமாக, காதில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. உள்ளேயும் வரவில்லை. மாமா அதற்கு வயர் எங்கே இருக்கிறது என்று ஒரு பகல் முழுக்கத் தேடினார். கம்ப்ரஸர் ஓட்டுகிற தொழிலாளிகள் காது செவிடாகாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் மூடி அது என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சரி, வந்தது வீணாக வேண்டாம் என்று, மாமி திட்டும் நேரங்களில் அதை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார். மாமி அதைப் பிடுங்கிப் பரணில் போட்டார்.

பிறகுதான் நாங்கள் கிழக்கேகோட்டையில் அஸீஸ் இக்காவின் கடைக்குப் படையெடுத்தோம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் வெளிநாட்டுச் சாமான்கள் அங்கே கிடைக்கும். எல்லோருக்கும் அவர் இக்கா, அதாவது அண்ணன். பொறுமைசாலி. மாமா வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

மாமாவின் பரிசோதனைகள் மூன்று விதம். முதலாவது கசிவு. ஹெட்போனை என் தலையில் மாட்டி, சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, என் கன்னத்தோடு தன் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இரண்டாவது, கனம். மாட்டிக்கொண்டு கடைக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து நமஸ்காரம் செய்வார். கழன்று விழுந்தால் தள்ளுபடி. மூன்றாவதுதான் முக்கியம். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போடச் சொல்வார். அதில் பாட்டு இருக்காது. பார்வதி மாமி தேங்காய் துருவும் சத்தம் இருக்கும்.

"சாமீ, நல்ல பாட்டு ஏதாவது போட்டுக் கேட்டா போராதா?" என்று இக்கா கேட்டார்.

"பாட்டுக்காரன் குரல் நேர்ல எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் இக்கா? எங்காத்துத் தேங்காய் எனக்குத் தெரியும். அதை உள்ளபடி சொல்றதுதான் ஸ்டூடியோ ஹெட்போன்."

ஒன்றைக் கேட்டதும் உதறினார். "இது பொய் சொல்றது. 'தும் தும்'னு அடில கொழுப்பு சேக்கறது. கல்யாணத் தரகன் மாதிரி, எதைக் குடுத்தாலும் லட்சணமா இருக்குன்னு சொல்லும். இதை நம்பி மிக்ஸ் பண்ணினா, வெளியில கேக்கறச்சே பாட்டு சோகை பிடிச்சிருக்கும்." இன்னொன்று காதை நெரித்தது. மற்றொன்றில் காது வெந்தது. வாரா வாரம் போனோம். எங்கள் தலை தெரிந்தாலே இக்கா கடைப் பையனை டீக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, கறுப்பாக, விளம்பரமே இல்லாத முகத்தோடு ஒரு ஹெட்போன் வந்திருந்தது. மாமா மாட்டினார். தேங்காய் துருவும் கேசட் ஓடியது. அவர் முகம் மாறியது. "தேங்காய் கொஞ்சம் முத்தல்" என்றார். அவ்வளவுதான், வாங்கிவிட்டோம். இக்கா சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நல்ல தாலாட்டுக் கேசட் ஒண்ணு செய்து கொண்டா சாமீ. கல்ஃபுல உள்ள பெண்ணுங்க சோதிக்கறாங்க, வேணும்னு கேக்கறாங்க. நான் விக்கறேன்" என்றும் சொன்னார்.

மாமாவுக்கு இறக்கை முளைத்தது. அதே வாரம் மாமி அதை வெட்டினார். பம்பாயில் இருந்த மகள் லலிதா பிரசவத்துக்கு வருகிறாள். பின்கட்டு அறைதான் அவளுக்கு. "ஞாயித்துக்கிழமை காலம்பற அவ வரா. அதுக்குள்ள உங்க மிஷினெல்லாம் வெளியே போகணும். அப்பறம் அது பொண்ணும் குழந்தையும் இருக்கற அறை. திரும்பக் கேக்கப்படாது."

ஆக மாமாவிடம் இருந்தது ஒரு வாரம். இத்தனை வருஷ ஆர்ப்பாட்டத்துக்கு அடையாளமாகச் சுத்தமான ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, கேசட்டில் ஏறிவிட வேண்டும். வேறு எந்தச் சத்தமும் கலக்கக் கூடாது. "அது இல்லைன்னா ஓய், இந்தத் தெருவுக்கு நான் வெறும் முட்டை அட்டைதான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முகம் விளையாட்டாக இல்லை.

பாட வந்த பாகவதர் ஹெட்போனை மாட்டியதும் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று பயந்துபோய், ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவது போலப் பாடினார். தாலாட்டு அது. தூளியில் இருக்கும் குழந்தை எழுந்து ஓடியிருக்கும். கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இது சரிப்படாது" என்று மேல்துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். இரண்டு பேருமே ஆபீஸுக்கு லீவு. மாமா ஸ்டூடியோவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகளுக்காகப் பழைய வேஷ்டிகளைத் துவைத்து மடித்துக்கொண்டே அடுக்களையில் மாமி தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு தாலாட்டு. மாமா தலையிலிருந்து கையை எடுத்தார்.

"பாரூ, அதைக் கொஞ்சம் இங்கே வந்து பாடறயா?"

முணுமுணுப்பு நின்றது. மாமி கதவோரம் வந்து நின்றார்.

"முப்பது வருஷமா பாடிண்டுதான் இருக்கேன். இன்னிக்குத்தான் கேட்டுதாக்கும்?"

ஊரில் உள்ள ஹெட்போனையெல்லாம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்கவிட்டார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மாமா பயபக்தியோடு ஹெட்போனை மாட்டிவிட்டார். நான் டெக்கைப் பார்த்துக்கொண்டேன். தம்புரா ஓடியது. ஓடியது எங்களுக்கும் கேட்டது! உலகத்திலேயே சிறந்த, பின்வாசல் அடைத்த ஹெட்போன் கசிந்தது. மாமா குனிந்து பார்த்தார். மாமியின் காதில் வைரத்தோடு. ஹெட்போனின் மெத்தை தோட்டின் மேல் ஏறிக்கொண்டு பக்கவாட்டில் இடைவெளி விட்டிருந்தது. தலை அசைந்தால் 'டிக் டிக்' என்று வேறு.

"தோட்டைக் கழட்டிடு."

"என்னது? வெள்ளிக்கிழமை அதுவுமா மூளிக்காதோட உக்காரணுமா? நீங்க இருக்கச்சேயா?"

"நான் இருந்தா உனக்கு என்ன?"

"நீங்க இருக்கறதுனாலதானே கழட்ட மாட்டேங்கறேன்!"

இதற்குமேல் எஞ்சினீயரிங்கில் வழி இல்லை. பஞ்சு வைத்துப் பார்த்தோம், கைக்குட்டை கட்டிப் பார்த்தோம். "அடுப்புல வேலை கிடக்கு" என்று மாமி எழுந்திருக்கப் போனார். மாமா சட்டென்று அவருக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு உள்ளங்கையையும் ஹெட்போன் மேல் வைத்து, தோடு காதைக் குத்தாமல், விளிம்பு மட்டும் கன்னத்தில் படிகிற மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டார். தெருவில் நடக்கும்போதுகூட மாமிக்குப் பத்தடி முன்னால் போகிறவர் அவர். மாமியின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அந்தப் பிள்ளை பாக்கறான்" என்றார். நான் சுவரில் இருந்த முட்டை அட்டையை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தேன்.

தம்புரா நின்றுவிட்டது போல அறை நிசப்தமாயிற்று. மாமி பாடினார்.

அந்தக் குரலைப் பற்றி நான் என்ன எழுதுவது? எனக்கு சங்கீதம் தெரியாது. ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு உடனே கடிதம் போட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். மாமா பிடியை விடவில்லை. இருமல் வந்ததை விழுங்கினார். மூக்கில் உட்கார்ந்த ஈயைப் பொறுத்தார். கடைசி அடியை மாமி அடங்கிய குரலில் இழுத்து, ஒரு வளைவு வளைத்து இறக்கினாரே, அங்கே, பாட்டு முடிய ஒரு மூச்சு இருக்கும்போது, மாமா தன்னை மறந்து வாயைத் திறந்தார்.

"ஆஹா!"

மைக்கு அதை உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டது.

இன்னொரு தடவை பாடச் சொன்னோம். "குக்கர் வைக்கணும்" என்று மாமி போய்விட்டார். சனிக்கிழமை அஸீஸ் இக்கா கேசட்டைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டு அசல் சாமீ. அந்த ஒச்சையை, அந்த 'ஆஹா'வை மட்டும் கட் பண்ணு, இப்பவே எடுக்கறேன்" என்றார். கடைசி அடியை வெட்டிவிட்டு வயலினால் முடித்திருக்கலாம். மாமா அதில் கெட்டிக்காரர். கேசட்டை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம் இக்கா. முப்பது வருஷம் லேட்டா சொல்லியிருக்கேன். அதையும் கட் பண்ணினா நன்னா இருக்காது."

அன்று சாயங்காலமே அறை காலியாயிற்று. அட்டைகளைப் பிய்க்க நேரம் இல்லை. லலிதாவின் குழந்தை அந்த முட்டை அட்டைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தது. நாள் முழுக்க அழும், தெருவுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேட்காது. "என்ன சமத்தான குழந்தை!" என்று எதிர்வீட்டு மாமி எல்லோரிடமும் சொன்னார்.

மாமா எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். இப்போது மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. நல்ல நல்ல கருவிகளில் துளி மாசில்லாத பாட்டுகளை நானும் நிறையக் கேட்டுவிட்டேன். ஆனாலும் அந்தக் கேசட்டை எப்போதாவது எடுத்துப் போட்டு, கடைசி அடி வரும்போது கிட்டே போய் உட்கார்ந்துகொள்கிறேன். மாமா, உங்களை மனசு ரொம்பத் தேடுகிறது.